மகனின் வண்டிக்காக உழைத்த தந்தை: ஜான் பாய்டு டன்லப்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் தம்பிக்கு ஒரு சிறிய சைக்கிள் வாங்கினோம். பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்த வண்டியை, வாங்கிய இடத்திலேயே அவசர அவசரமாகப் பூட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். சிவப்பு வண்ணம், பளபளக்கும் மணி, பின்னால் இரண்டு பக்கச் சக்கரங்கள். தம்பிக்கு அன்று இரவு உறக்கமே இல்லை. மறுநாள் காலை தெருமுனையில் அவன் ஹாண்டில்பாரைத் திருப்பினான். ஹாண்டில்பார் திரும்பியது, முன்சக்கரமோ திரும்பவில்லை. நேராகச் சென்று சாக்கடைச் சுவரில் மோதி விழுந்தான். தாடையில் மூன்று தையல்கள் போட வேண்டியதாயிற்று.

அன்று மாலையே அப்பா அந்த வண்டியை எங்கள் தெருவில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துச் சென்றார். நாங்களும் உடன் சென்றோம். அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒவ்வொரு நட்டாகச் சோதித்தார். ஹாண்டில்பாரின் நடுத் திருகு முழுவதும் முறுக்கப்படவே இல்லை என்று காட்டினார். சக்கரத்தில் காற்றும் பாதிதான் இருந்தது. காற்றடிக்கும்போது அந்தச் சிறிய வால்வைக் காட்டி, இதற்கு டன்லப் வால்வு என்று பெயர் என்றார். டன்லப் என்பவர் யார் என்று கேட்டோம். அது ஏதோ ஒரு கம்பெனி என்றார் அவர்.

டன்லப் என்பது கம்பெனியின் பெயர் மட்டும்தானா? பள்ளி நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடிப் படித்தபோது, அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பதை அறிந்தோம். அவர் ஒரு கால்நடை மருத்துவர். ஒரு சிறுவனின் தந்தை. தம் மகனின் சிறிய வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட அக்கறை உலகத்தின் சாலைகளையே மாற்றிவிட்டது. அவருடைய வாழ்க்கையைத் தோழியர் அனைவரும் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இக்கட்டுரையை எழுத முனைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஸ்காட்லாந்து நாட்டில் அயர்ஷயர் பகுதியில் டிரெகார்ன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் உழவுத் தொழில் செய்துவந்த குடும்பம் ஒன்றில் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் ஜான் பாய்டு டன்லப் பிறந்தார். பிறக்க வேண்டிய காலத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தை அது. ஆகவே தம் உடல் மிகவும் மென்மையானது, எளிதில் நோய்க்கு இலக்காகக் கூடியது என்ற எண்ணம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. எதிலும் எச்சரிக்கையாகவே நடந்துகொண்டார். வேடிக்கை என்னவென்றால், எண்பத்தொரு வயது வரை அவரைப் பெரிய நோய் எதுவும் அண்டவில்லை!

எடின்பரோ நகரில் இருந்த டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்றார். மருத்துவராகிய பின் சுமார் பத்து ஆண்டுகள் சொந்த நாட்டிலேயே தொழில் செய்தார். 1867-ஆம் ஆண்டு கடல் கடந்து அயர்லாந்துக்குச் சென்று டவுன்பேட்ரிக் என்னும் ஊரில் குடியேறினார். அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று மக்கள் வழிவழியாகப் போற்றும் ஊர் அது. அங்கே தம் சகோதரர் ஜேம்சுடன் சேர்ந்து கால்நடை மருத்துவமனை நடத்தினார்.

1871-ஆம் ஆண்டு மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் பெண்மணியை மணந்தார். இறைவன் அவர்களுக்கு ஒரு மகளையும் ஒரு மகனையும் அளித்தான். பின்னர் டன்லப் பெல்பாஸ்ட் நகரின் மே தெருவில் மருத்துவமனை அமைத்தார். அது அயர்லாந்திலேயே மிகப் பெரிய கால்நடை மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்ந்தது. அந்தக் காலத்தில் குதிரைதான் ஊருக்கு வண்டி. குதிரைதான் பாரம் இழுக்கும் ஊர்தி. ஆகவே குதிரை மருத்துவருக்கு ஓய்வு ஏது? நீண்ட தாடியும் அமைதியான முகமும் கொண்ட அந்த மருத்துவரை நகரம் நன்கு அறிந்திருந்தது. தம் தொழிலுக்கு வேண்டிய சில ரப்பர்ச் சாதனங்களை அவர் தாமே செய்துகொள்வார். ரப்பரைக் கையாளும் அந்தப் பழக்கம் பிற்காலத்தில் பெரிதும் உதவப் போகிறது என்று அப்போது அவருக்கே தெரியாது.

மகனின் மூன்று சக்கர வண்டி

மகனின் பெயரும் ஜான்தான். வீட்டில் ஜானி என்று அழைத்தார்கள். ஒன்பது, பத்து வயதுச் சிறுவனான அவனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. அக்காலத்துச் சைக்கிள்களுக்கு இன்றுள்ளது போன்ற டயர் கிடையாது. சக்கரத்தின் விளிம்பில் கெட்டியான ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சுற்றியிருப்பார்கள். பெல்பாஸ்ட் வீதிகளோ கருங்கற்கள் பதிக்கப்பட்டவை. ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் ஏறி இறங்கும்போது வண்டி தடதடவென்று அதிரும். அந்த அதிர்ச்சி முழுவதும் சிறுவனின் கைகளிலும் முதுகிலும் வந்து இறங்கும். வேகமாக ஓட்டவும் முடியாது. நெடுநேரம் ஓட்டவும் முடியாது.

வேறு ஒரு தந்தையாக இருந்தால் என்ன செய்திருப்பார்? சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பார். அல்லது மெதுவாக ஓட்டு என்று அறிவுரை கூறியிருப்பார். டன்லப் அப்படிச் செய்யவில்லை. கெட்டியான பட்டை கல்லின் மீது ஏறும்போது சக்கரம் முழுவதும், வண்டி முழுவதும், அதன்மேல் இருக்கும் சிறுவன் முழுவதும் மேலே எழும்ப வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டார். பட்டை மட்டும் அமுங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு தன் பழைய உருவத்தை அடைந்தால், வண்டி மேலே எழும்ப வேண்டிய தேவையே இல்லையே என்று சிந்தித்தார். அப்படி அமுங்கவும் வேண்டும், உடனே நிமிரவும் வேண்டும். அத்தகைய பொருள் எது? அடைத்து வைத்த காற்றுதான்!

1887-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தம் வீட்டு முற்றத்திலேயே அவர் சோதனையைத் தொடங்கினார். வட்டமான மரப்பலகை ஒன்றை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாயாக்கி, பலகையின் விளிம்பைச் சுற்றி அமைத்துத் துணியால் போர்த்தி இறுக்கினார். பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைக் கொண்டு குழாயினுள் காற்றை நிரப்பினார். பிறகு ஜானியின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியிலேயே தள்ளாடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி, வாயிற் கம்பத்தில் மோதித் திரும்பியது. தள்ளிவிட்ட கை ஒன்றே. ஓடிய தூரம் வேறு!

அதன்பின் சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர்களைப் பொருத்தினார். 1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு வேலை முடிந்தது. மணி ஏறத்தாழப் பத்து. விடியும்வரை பொறுத்திருக்கச் சிறுவனுக்கு மனம் வருமா? முழுநிலவின் ஒளியில் வண்டியை எடுத்துக்கொண்டு வீதிக்குச் சென்றான். ஆனால் அன்று சந்திர கிரகணம். நிலவு மறைந்து இருள் சூழவே வீட்டுக்குத் திரும்பிவிட்டான். நிழல் விலகி நிலவு மீண்டும் ஒளி வீசியதும் மறுபடியும் புறப்பட்டு நெடுந்தூரம் ஓட்டினான். இச்செய்தியைப் படிக்கும்போது அந்தச் சிறுவனின் மகிழ்ச்சி நம்மையும் தொற்றிக்கொள்கிறது அன்றோ?

மறுநாள் காலை தந்தை செய்த முதல் வேலை என்ன தெரியுமா? டயர்களை ஓர் அங்குலம் விடாமல் பரிசோதித்ததுதான். கூரிய கற்கள்மீது ஓடியும் ரப்பரில் கீறல் இல்லை என்பதைக் கண்ட பின்னரே அவர் மனம் அமைதி அடைந்தது. மகன் மகிழ்ந்தான் என்பதோடு அவர் நிறைவடையவில்லை. வண்டி மகனுக்குப் பாதுகாப்பானதா என்பதையும் பார்த்தார். இந்த இடத்தில்தான் எங்கள் தம்பியின் தாடைத் தையல்கள் எங்கள் நினைவுக்கு வந்தன.

சிரித்தவர்களும் தோற்றவர்களும்

பின்னர் இரண்டு சக்கர சைக்கிளுக்கும் காற்று டயர்களைச் செய்து, பெல்பாஸ்ட் நகரின் செர்ரிவேல் விளையாட்டுத் திடலில் ஓட்டிப் பார்த்தார். பயன் இன்னும் சிறப்பாக இருந்தது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1888-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் அது அவருக்கு வழங்கப்பட்டது.

வில்லி ஹ்யூம் என்பவர் பெல்பாஸ்டில் இருந்த சைக்கிள் சங்கம் ஒன்றின் தலைவர். காற்று டயர் பொருத்திய சைக்கிளைப் பொதுமக்களில் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கியவர் அவர்தான். அந்த வண்டியைப் பந்தயத்தில் ஓட்டிப் பார்க்குமாறு டன்லப் அவருக்கு யோசனை கூறினார். 1889-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பெல்பாஸ்ட் குயீன்ஸ் கல்லூரித் திடலில் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. பருத்த டயர்களைக் கண்டு கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் ஹ்யூம் வென்றார். சில நாட்களுக்குப் பின் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் ஒரு பந்தயம் தவிர மற்றவை அனைத்திலும் வெற்றி அவருக்கே.

தோற்றவர்களுள் ஹார்வி டூ குரோஸ் என்பவரின் புதல்வர்களும் இருந்தனர். டூ குரோஸ் அயர்லாந்து சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தின் தலைவர். தம் பிள்ளைகள் தோற்றதற்குச் சினம் கொள்ளாமல், வென்ற வண்டியில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார் அவர். 1889-ஆம் ஆண்டே டன்லப்பும் அவரும் சேர்ந்து காற்று டயர் செய்யும் நிறுவனத்தை டப்ளின் நகரில் தொடங்கினர். தோல்வியிலிருந்து பாடம் கற்பது என்பது இதுதான்.

வந்த சோதனை

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்த வேளையில் இடி போன்ற செய்தி ஒன்று வந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், அது செல்லாது என்று டன்லப்புக்குத் தெரிவிக்கப்பட்டது. காரணம் என்ன? ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், டன்லப் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோதே, 1845-ஆம் ஆண்டில், காற்றடைத்த டயருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார்! பிரான்சிலும் அமெரிக்காவிலும்கூட அவர் அதைப் பதிவு செய்திருந்தார்.

தாம்சனின் டயர் குதிரை வண்டிகளுக்காகச் செய்யப்பட்டது. ரப்பர்க் குழாயின் மேல் தோல் உறை போர்த்திய அந்த டயர் நன்றாகவே உழைத்தது. ஆனால் அக்காலத்தில் ரப்பரின் விலை மிக அதிகம். நாம் ஓட்டும் சைக்கிளும் இல்லை; மோட்டாரும் இல்லை. வாங்குவார் இன்றி அந்த அரிய கருத்து ஏடுகளுக்குள் உறங்கிப் போயிற்று. தாம்சன் 1873-ஆம் ஆண்டு மறைந்தார். அப்படி ஒருவர் இருந்தார் என்பதே டன்லப்புக்குத் தெரியாது.

அப்படியானால் காற்று டயரைக் கண்டுபிடித்தவர் யார்? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் நீண்ட விவாதமே நடந்தது. முதலில் எண்ணியவர் தாம்சன். ஆகவே பெருமை அவருக்கே என்றனர் சிலர். எண்ணியது மட்டும் போதாது, மக்கள் கையில் சேர்த்தவருக்கே பெருமை என்றனர் வேறு சிலர். எங்கள் முடிவு இதுதான்: முதலில் கண்டவர் தாம்சன். அதில் ஐயமில்லை, அவருக்குரிய பெருமையை யாரும் பறிக்கக் கூடாது. ஆனால் டன்லப் பிறர் வயலில் அறுவடை செய்தவர் அல்லர். தாமாகவே உழுது, தாமாகவே விதைத்து, தாமாகவே விளைவித்தவர். வேறொருவர் அதே பயிரை முன்பே விளைத்திருந்தார் என்பது அவருக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

காப்புரிமை போய்விட்டதால் நிறுவனம் சோர்ந்துவிடவில்லை. டன்லப் செய்த முதல் டயர்களில் ஒரு பெருங்குறை இருந்தது. அவை சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன. முள் குத்திக் காற்று இறங்கினால் பிரித்து ஒட்டுவது பெரும்பாடு. 1890-ஆம் ஆண்டு சார்லஸ் வெல்ச் என்பவர், டயரின் இரு ஓரங்களிலும் கம்பியை வைத்து, ரிம்மின் பள்ளத்தில் உட்காரும்படி அமைத்தார். அதே ஆண்டில் வில்லியம் பார்ட்லெட் என்பவர், ரிம்மின் விளிம்பில் கவ்விக்கொள்ளும் டயரைச் செய்தார். இவ்விரு காப்புரிமைகளையும் டன்லப்பின் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று சைக்கிள் கடையில் இரும்புப் பட்டையால் டயரை நெம்பி, டியூபை வெளியே இழுத்து, சில நிமிடங்களில் பஞ்சர் ஒட்டித் தருகிறார்களே, அதற்கு இந்த முன்னேற்றமே காரணம். ஒருவர் தொடங்கியதை மற்றவர்கள் நிறைவு செய்தார்கள்.

செல்வமும் விலகலும்

டன்லப் 1895-ஆம் ஆண்டு தம் பங்குகளை விற்றுவிட்டு நிறுவனத்திலிருந்து விலகினார். அதற்கு அடுத்த ஆண்டே டூ குரோஸ் அந்தத் தொழில் முழுவதையும் 30 இலட்சம் பவுனுக்கு விற்றார். இவ்வளவு பெரிய தொகையில் டன்லப்புக்குப் பங்கு கிடைக்கவில்லை. உலகமெங்கும் விற்பனையான டயர்களில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. ஆனால் அவர் பெருஞ்செல்வர் ஆகவில்லை. டப்ளின் நகரில் துணி வாணிபம் ஒன்றில் மட்டும் தொடர்பு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார்.

அதே 1895-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் மிஷ்லான் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்டோ வரை சென்று மீண்டும் பாரிசுக்குத் திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் பொருத்திய மோட்டார் வண்டியை ஓட்டினர். சிறுவனின் மூன்று சக்கர வண்டியில் தொடங்கிய பயணம் மோட்டார் வண்டியை அடைந்துவிட்டது. பின்னாளில் பேருந்துகளும், ஆகாய விமானங்களும் அதே காற்றின்மீதுதான் தரையில் ஓடின.

இவ்விடத்தில் துயரமான செய்தி ஒன்றையும் மறைக்காமல் கூற வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு மரங்கள் வேண்டும். தேவை பெருகியதும் விலையும் பேராசையும் பெருகின. ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனி உடைமையாக இருந்தது. அங்கே காட்டு ரப்பரைச் சேகரிக்குமாறு மக்கள் கொடுமையாகக் கட்டாயப்படுத்தப்பட்டனர். குறித்த அளவு கொண்டு வராதவர்கள் சொல்லொணாத் துன்பம் அடைந்தனர், எண்ணற்றோர் மாண்டனர். ஒரு குழந்தையின் சுகத்துக்காகப் பிறந்த பொருள், வேறு குழந்தைகளின் தந்தையரை வதைக்கக் காரணமாயிற்று. இது டன்லப் செய்த குற்றம் அன்று. ஆயினும் நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னும் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க இது நமக்குக் கற்பிக்கிறது.

மறைவு

1921-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் டன்லப்புக்குக் குளிர் கண்டது. வாழ்நாள் எல்லாம் உடலைப் பேணிக் காத்த அவரை அந்தச் சிறு நோய் சாய்த்துவிட்டது. அக்டோபர் 23-ஆம் நாள் டப்ளின் நகரின் பால்ஸ்பிரிட்ஜ் பகுதியில் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். டீன்ஸ் கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவருடைய மறைவுக்குப் பின் மகள் அதனை நூலாக வெளிக்கொணர்ந்தார். வட அயர்லாந்தில் வங்கி ஒன்று வெளியிட்ட பத்துப் பவுன் நோட்டில் அவருடைய உருவமும் இடம்பெற்றது.

நம் நாட்டில் அவர் சக்கரம்

டன்லப்பின் பெயர் தமிழகத்துக்கும் புதிதன்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அவர் பெயரைத் தாங்கிய டயர்த் தொழிற்சாலை பல ஆண்டுகள் இயங்கியது. அதே அம்பத்தூரில்தான் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனமும் ஆலை அமைத்து, தமிழக வீடுகளுக்குச் சைக்கிளைக் கொண்டு சேர்த்தது.

1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும், வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். தண்ணீர் சுமக்கவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாத நிலை வந்தது. கருங்கல் வீதியிலே ஓடியிருந்தால் எலும்பை நொறுக்கும் வண்டியை, எவரும் ஏறி ஓட்டத்தக்க வண்டியாக்கியது எது? டயருக்குள் இருக்கும் அந்தக் காற்றல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

டன்லப் மறுநாள் காலை டயரைப் பரிசோதித்தார் என்று முன்னர்க் கூறினோம். அந்த ஒரு செயலை நாமும் பின்பற்றினால் நம் தம்பி தங்கையர் பலர் காயமின்றித் தப்புவர். சைக்கிள் கடைப் பெரியவர் எங்களுக்குக் கற்பித்தவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் தருகின்றோம்.

முதலாவது, புதிய வண்டியைப் பூட்டியதும் முன்புற ஃபோர்க் சரியான பக்கம் பார்த்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கிப் பூட்டினால் பெடலில் உள்ள கால் முன்சக்கரத்தில் இடிக்கும், வண்டியும் தடுமாறும்.

இரண்டாவது, முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுகப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க ஹாண்டில்பார் மட்டும் திரும்பினால் நடுத் திருகை முறுக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. எங்கள் வீட்டில் இதை முன்பே செய்திருந்தால் மூன்று தையல்களும் வேண்டியிருக்காது.

மூன்றாவது, பெடல்கள். வலப் பெடலும் இடப் பெடலும் ஒன்றல்ல. இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்ப்புறமாகச் சுற்றும். மாற்றிப் போட்டு வலிந்து முறுக்கினால் மரை தேய்ந்து, ஓட்டும்போது பெடல் கழன்று விழும்.

நான்காவது, இருக்கை. சிறு குழந்தைகள் இருக்கையில் அமர்ந்தவாறே தரையில் கால் ஊன்ற முடிய வேண்டும். வளர்ந்து அணியட்டும் என்று பெரிய சட்டை தைப்பது போலப் பெரிய சைக்கிள் வாங்கக் கூடாது. இருக்கைக் குழாயில் ஓர் எல்லைக் கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி குழாயை உயர்த்தவும் கூடாது.

ஐந்தாவது, பிரேக். பிடியை அழுத்தும்போது பிரேக் கட்டைகள் ரிம்மைத்தான் பற்ற வேண்டும். டயரில் உரசக் கூடாது. டயரில் உரசினால் அது சில நாட்களிலேயே அறுந்துவிடும். சின்னஞ்சிறு விரல்களுக்கு எட்டும் தூரத்தில் பிடி இருக்க வேண்டும். முழுவதும் அழுத்தியபின்னும் பிடி ஹாண்டில்பாரைத் தொடாமல் இருக்க வேண்டும்.

ஆறாவது, சக்கரங்களின் நட்டுகள் இரு பக்கமும் இறுகியிருக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால் கோணாமல் ஓட வேண்டும். செயினை விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் தளர்வு போதும். செயினுக்கு எண்ணெய் விடலாம். ஆனால் ரிம்மில் ஒரு சொட்டும் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. செயின் கார்டு இல்லாத வண்டியில் பாவாடை, தாவணி, துப்பட்டா சிக்கும் ஆபத்து உண்டு என்பதைப் பெண் பிள்ளைகளாகிய நாம் மறக்கலாகாது.

ஏழாவது, நம் டன்லப் தந்த காற்று. எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். காற்று குறைந்தால் கல்லில் ஏறும்போது ரிம் இடித்து டியூப் வெட்டுப்படும். மிகுந்தால் டயர் வெடிக்கவும் கூடும். வால்வுக்குள் இருக்கும் சிறிய ரப்பர்க் குழாயாகிய வால்டியூப் நாளடைவில் கெட்டுப்போகும். முள் எதுவும் குத்தாமலே காற்று இறங்கினால் முதலில் அதைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சர் என்றால் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் குறித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டைப் பதிக்க வேண்டும். ஈரத்திலேயே ஒட்டினால் நிற்காது. குத்திய முள்ளை டயரிலிருந்து எடுக்காமல் டியூபை மாட்டினால் மீண்டும் அதே பஞ்சர்தான்!

இவை அனைத்தையும் மாதம் ஒரு முறை செய்தல் நலம். காற்றையும் பிரேக்கையும் மட்டும் ஒவ்வொரு முறை ஏறும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைக்கவசம் அணிவதையும் சிறு வயதிலிருந்தே பழக்க வேண்டும்.

முடிவுரை

டன்லப் விஞ்ஞானி அல்லர். பொறியியல் படித்தவரும் அல்லர். அவரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு முற்றம், ஒரு மரப்பலகை, சிறிது ரப்பர், ஒரு பம்பு, இவையே அவரிடம் இருந்தன. அவற்றோடு மகன் துன்பப்படக் கூடாது என்னும் அன்பும், செய்ததைச் சோதித்துப் பார்க்கும் பொறுமையும் இருந்தன. காப்புரிமை அவரை விட்டுப் போயிற்று. பெருஞ்செல்வமும் பிறர்க்கே போயிற்று. ஆனால் நிலவொளியில் அந்தச் சிறுவன் அடைந்த மகிழ்ச்சியை யாராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

எங்கள் தம்பி இப்போது நன்றாகச் சைக்கிள் ஓட்டுகிறான். பக்கச் சக்கரங்களைக் கழற்றியாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் நாங்கள் ஸ்பானரோடு உட்காரும்போது அவனும் அருகில் அமர்ந்துகொள்கிறான். முன்சக்கரத்தை முழங்கால்களால் பிடித்து ஹாண்டில்பாரைத் திருப்பிப் பார்ப்பது இப்போது அவனுடைய வேலை. தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு சிறிய சைக்கிள் இருக்குமானால், இந்த இதழை மூடி வைத்ததும் எழுந்து சென்று அதன் ஹாண்டில்பாரை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். டன்லப்புக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.